வீட்டுக்கு மேல் நின்றவன்

காலில் குண்டடிபட்ட வெல்டரைப் போர்க்களத்திலிருந்து பட்டையில் கட்டித் தூக்கிய ட்ரோன், ராணுவ மருத்துவமனைக்குப் போகாமல், அவன் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து இரண்டு ஆள் உயரத்தில் நின்றுகொண்டது. அதைத் தூரத்திலிருந்து இயக்கியவன் போருக்கு முன் வாடகைக்கார் ஓட்டியவன். ஆளை ஏற்றியதும் பழக்கத்தில், ட்ரோனின் ஒலிபெருக்கி வழியே, "எங்கண்ணே போகணும்?" என்று கேட்டுவிட்டான். "வீட்டுக்குடா" என்று வெல்டர் முனகினான். இவனும் அவன் வீட்டு விலாசத்தையே அடித்துவிட்டான்.

அரை மணி நேரம் தாங்கும் பேட்டரி நாள்கணக்கில் தாங்கியது. கீழே இஸ்திரிக்கடை வைத்திருந்த அவன் அக்கா, மாடியில் நின்று கம்பு நுனியில் ரொட்டியும் தண்ணீரும் கட்டி மேலே நீட்டினாள். தெருமுனை டாக்டர் அண்ணாந்து பார்த்து, கால் கறுக்கிறது, சீக்கிரம் இறக்காவிட்டால் ஆளே மிஞ்ச மாட்டான் என்றார். ராணுவ அதிகாரி ஒருவர் சாவகாசமாக மாடியேறி வந்தார்.

"மேலிடத்து உத்தரவு வரணும்மா. ட்ரோன் அரசாங்கச் சொத்து."

"அப்ப என் தம்பி?"

"அவரும்தாம்மா."

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. "பட்டறையில நின்னவனை அள்ளிப் போட்டுட்டுப் போனீங்களே, அன்னைக்கு எவன் உத்தரவுய்யா கேட்டீங்க?" பக்கத்து வீட்டுப் பெயிண்டரின் ஏணியைப் பிடுங்கி வந்து, கத்தியோடு ஏறினாள்.

"வேணாம்மா, கேஸாயிடும்!"

"போடுய்யா. ஜெயில்லயாவது மனுஷனைத் தரையில படுக்க விடுவாங்க."

"அக்கா, கீழ புடிக்க ஆள் இருக்கா?" என்றான் தம்பி.

"ஆபீசர் நிக்கிறாரு. அவரு சொத்துதானே, புடிப்பாரு."

பட்டை அறுந்தது. அதிகாரி தன்னையறியாமல் இரண்டு கைகளையும் நீட்டிப் பிடித்தார். உயிர் தங்கியது, கால் முழங்காலோடு போனது. உத்தரவு அடுத்த வருஷம் வந்தது.

அதன்பிறகு எந்த விலாசத்தை அடித்தாலும் ட்ரோன்கள் காயம்பட்டவர்களை வீட்டுக்கே கொண்டுவந்தன. இயந்திரங்களை மாற்றினார்கள், வாடகைக்கார்க்காரனை உள்ளே தள்ளினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ராணுவ மருத்துவமனையில் விரிப்புகள் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று வானொலியில் இன்றும் வாய் கூசாமல் சொல்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தலைக்கு மேல் சத்தம் கேட்டால், "யார் வீட்டுப் பையன்?" என்று மட்டும் கேட்கிறார்கள். பூட்டிய வீடுகளுக்கு மேல் நிற்பவர்களுக்குத்தான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகிறது.

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து மாடியில் ஓர் ஏணி வையுங்கள். வீட்டைக் காலி செய்தால், எங்கே போகிறீர்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.