கீறல் போடாத ப்ளூபெர்ரி பை

உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் அன்று உட்காரவே இல்லை. விடுமுறை நாளென்றும் பாராமல் காலை ஷிப்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபோது பாதங்கள் இரண்டும் பொங்கிய மாவு மாதிரி உப்பியிருந்தன. அந்தக் காலோடு நேராகச் சமையலறைக்குப் போய் மாவு டப்பாவை இறக்கினாள்.

வரவேற்பறை நாற்காலியில் முக்கால்வாசித் தூக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஏம்மா, வாரம் பூரா ஆலையில பை சுட்டது பத்தலையா? வீட்டுக்கு வந்துமா?"

"உங்களுக்கு இல்ல. அவளுக்கு."

அவர் அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டார். அவள் என்றால் யார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

அவள், தங்கை. மாவுக்குள் பழத்தை வைத்து மூடிச் சுடும் 'பை' என்ற பலகாரம் செய்யும் ஆலையில் அக்காவும் தங்கையும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். மாவு விரித்த தட்டுக்குள் மேலே இருக்கும் குழாயிலிருந்து ப்ளூபெர்ரி விழும். மூடி மாவு அதன்மேல் வந்து உட்காரும். அக்கா ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டி இடது பக்கம் தள்ளுவாள். தங்கை அதை வாங்கி, ஆவி போவதற்காக மூடியில் கத்தியால் கீறல் போடுவாள். அப்புறம் தட்டு அடுப்புக்குள் போகும். ஆலையில் ஆளுக்கு ஒரு வேலை, அந்த வேலைதான் அவரவர் பேரும். "ஓரமும் கீறலும் வந்தாச்சா?" என்றுதான் சூப்பர்வைசர் காலையில் கேட்பார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி.

அந்த இருவருக்கும் நடுவில் பேச்சு நின்று பல மாதம் ஆகிவிட்டது. தங்கைக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது. கத்தியைப் பிடிக்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொள்வாள், வாய்திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பார்த்துப் பார்த்து அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தங்கையிடம் கேட்காமலே சூப்பர்வைசரிடம் போய், "அவ கைக்கு இதமா வேற வேலை குடுங்க சார்" என்று சொல்லிவிட்டாள். அந்த மகராசன் அவளைத் தூக்கிப் பேக்கிங்கில் போட்டார். ஆறின பைகளை டப்பாவில் அடைத்து, விறைக்கிற குளிர் அறைக்குள் அடுக்கும் வேலை. இதமாவது ஒன்றாவது! போதாக்குறைக்கு அடுத்த வாரமே அக்காவை வரிசைக்குத் தலைவியாக்கினார்கள். தங்கச்சியைத் தள்ளிவிட்டுத்தான் அக்காக்காரி மேலே ஏறினாள் என்று கேன்டீனில் கண், காது, மூக்கெல்லாம் வைத்துப் பேசினார்கள். தங்கை அதை நம்பினாள். அக்காவுக்கு வலித்தது அந்த இடம்தான்.

இப்போது தங்கை வேலையை விட்டுவிட்டாள். அவள் புருஷனுக்குத் தொலைவில் ஓர் ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. சாமான்களைக் கட்டியாகிவிட்டது, விடிந்தால் கிளம்புகிறார்கள். அக்கா வீட்டின் மாற்றுச் சாவி ஒன்று அவளிடம் இருந்தது. அதற்காக மாமாவின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "சாயங்காலம் சாவியக் குடுத்துட்டுப் போறேன் மாமா. உள்ள வரல."

அந்த "உள்ள வரல" அக்காவின் தொண்டையில் முள்ளாய் நின்றது. வாசலில் நின்று சாவியைக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டால் அதோடு போயிற்று. போனில் பேசிச் சரிசெய்கிற ரகம் இல்லை இருவரும். எப்படியாவது அவள் உள்ளே வர வேண்டும், வந்து உட்கார வேண்டும். அதற்கு என்ன வழி என்று யோசித்தபோதுதான் தங்கை என்றோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஆலைக்கு வரும் பழம் உறைந்து கோலிக்குண்டு மாதிரி இருக்கும். அதில் ஒன்றை எடுத்துக் காட்டி, "வாழ்க்கையில ஒரு தடவையாவது பறிச்ச பழத்துல, வீட்டுல சுட்ட பை சாப்பிடணும்" என்று சிரித்திருந்தாள்.

சந்தையில் பழம் கிடைத்தது. நீலத்தின் மேல் சாம்பல் பூத்த புதுப் பழம். அக்கா அதைத் தண்ணீரில் அலசித் துணியில் பரப்பினாள், காம்பு ஒட்டியதையும் நசுங்கியதையும் பொறுக்கி எடுத்தாள். இத்தனை வருஷம் பை செய்து பிழைத்தவளுக்கு முழுப் பை ஒன்று செய்யத் தெரியாது என்பது வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஓரம் மட்டும்தான் தெரியும். மற்றதையெல்லாம் வரிசையில் நின்றபடி ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி. குளிர்ந்த வெண்ணெயை மாவில் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள். முதல் தடவை உருட்டியபோது மாவு கிழிந்தது. மாவைத் திட்டினாள், தன்னைத் திட்டினாள், சூப்பர்வைசரையும் ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு மாவைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி உருட்டியதும் அது சொன்னபடி கேட்டது.

பழத்தில் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் சோள மாவும் போட்டுப் புரட்டித் தட்டில் கொட்டினாள். மேல்மாவை மூடினாள். அப்புறம் அவள் வேலை வந்தது. இடுப்பு விட்டுப்போகிறது, கண் எரிகிறது, ஆனால் கட்டைவிரல் மட்டும் எதையும் கேட்காமல் ஓரத்தைச் சுற்றி அழுத்திக்கொண்டே போனது. அளந்து வைத்தது போன்ற மடிப்பு. முடித்ததும் வழக்கம்போலத் தட்டை இடது பக்கம் தள்ளினாள். அப்பாடா என்று இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, தட்டை எடுத்து அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பாத்திரங்களைத் துலக்கினாள். மேசையைத் துடைத்தாள். சுவரில் சாய்ந்து நின்றபடியே கொஞ்சம் கண்ணயர்ந்தும் விட்டாள். அழைப்பு மணி அடித்தபோதுதான் கண்ணைத் திறந்தாள். கூடவே கருகல் வாசனை மூக்கில் ஏறியது.

"வாம்மா வா" என்று வாசலில் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"இல்ல மாமா, சாவி இந்தாங்க. நேரமாச்சு."

அக்கா வாசலுக்கு ஓடுவதா அடுப்புக்கு ஓடுவதா என்று தெரியாமல் நின்றாள். அடுப்புக் கதவைத் திறந்தாள். குப்பென்று புகை முகத்தில் அடித்தது. பையின் மூடி பெரிய கொப்புளமாக எழும்பி ஒரு பக்கம் பிளந்திருந்தது. அந்தப் பிளவு வழியாக ஊதாச் சாறு பீறிட்டு அடுப்பின் தரையில் விழுந்து கருகிக்கொண்டிருந்தது. அவள் இருமினாள். நிறுத்த முடியாமல் இருமினாள்.

"என்ன புகை இது?" என்று தங்கையின் குரல் கேட்டது. அடுத்த நிமிஷம் செருப்புக் காலோடு சமையலறையில் நின்றாள். ஜன்னலைத் திறந்தாள், துணியை எடுத்துத் தட்டை வெளியே இழுத்து மேசையில் வைத்தாள், அடுப்பின் தரையை ஈரத்துணியால் துடைத்தெடுத்தாள். பிறகுதான் மேசையில் இருந்ததைப் பார்த்தாள்.

"கீறல் எங்க?" என்றாள்.

அக்கா பையைப் பார்த்தாள். ஓரம் ஒரு நூல்கூட விடவில்லை. அவள் அழுத்திய அழகுக்கு ஆவி வெளியே போக வழியே இல்லை. கண் நிறைந்துவிட்டது. மறைக்கக்கூடத் தெம்பில்லை.

"கீறல் போடணும்னு தோணவே இல்லடி. இந்தப் பக்கம் தள்ளினேன். அதோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்."

"இந்தப் பக்கம் யார் இருக்கா இப்போ?"

"யாரும் இல்ல."

தங்கை பாத்திர மேடையில் இருந்த சின்னக் கத்தியை எடுத்தாள். மணிக்கட்டில் இன்னும் துணிக்கட்டு இருந்தது. பிளக்காமல் மிச்சமிருந்த இடத்தில் ஆலையில் போடுவது போலவே கீறல்களைப் போட்டாள். வேறென்ன செய்வது என்று அவள் கைக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. கொப்புளம் மெல்ல அடங்கியது. தட்டை அவளே மறுபடி உள்ளே வைத்தாள்.

"உன் கை வலிக்குதேன்னுதான்டி அவர்கிட்ட போய்ச் சொன்னேன்" என்றாள் அக்கா.

"என்கிட்ட கேட்டியா?"

"கேக்கல."

"வலி என்னோடது. வேணுமா வேண்டாமான்னு நான்தானே சொல்லணும்? அந்தக் குளிர்ல நின்னு நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

தங்கை செருப்பைக் கழற்றிக் கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு வந்தாள்.

பை வெந்து வெளியே வந்தது. ஒரு பக்கம் பொன்னிறம், மறுபக்கம் கோரம். வாசனை மட்டும் வீட்டையே தூக்கியது. வீட்டுக்காரர் தூக்கம் முழுதாகக் கலைந்து, கையில் தட்டோடு வந்து நின்றார்.

"சூடா இருக்கும்போது வெட்டக் கூடாது மாமா. சாறெல்லாம் ஓடிடும். ஆறட்டும்" என்றாள் தங்கை.

"எப்ப ஆறும்?"

"பேக்கிங்ல இருந்தவ நான். நான் சொல்றேன்."

தட்டைக் கொஞ்சம் தூக்கி, புறங்கையை அடியில் வைத்துப் பார்த்தாள். "இன்னும் ஆறல" என்றாள். அவர் தன் கையில் இருந்த வெறும் தட்டை ஏக்கத்தோடு பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அக்கா டீ போட்டாள். தங்கை நாற்காலியில் அமர்ந்து குடித்தாள். புது ஊரில் வீடு மாடியில் என்றாள், தண்ணீர் எப்படியோ தெரியாது என்றாள். சாமான் கட்டும்போது புருஷன் கண்ணாடி டம்ளர்களைக் கடப்பாறையோடு சேர்த்துக் கட்டிய கதையைச் சொன்னாள். அக்கா சிரித்தாள். சிரிக்கவும் விலா வலித்தது. நடுவில் ஒருமுறை தங்கை தட்டின் அடியில் கை வைத்துப் பார்த்து, "இன்னும் இல்ல" என்றாள். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன.

தங்கையின் போன் அடித்தது. அவள் புருஷன்தான். பேசுவதற்காகப் பின்பக்கம் போனாள்.

அக்கா பையின் அருகே போனாள். ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்துத் தயாராக வைப்போம் என்று பைத் தட்டின் அடியில் கை கொடுத்தாள். தட்டு சில்லென்று இருந்தது. எப்போதோ ஆறிவிட்டிருந்தது. வெறும் தகரத்தின் குளிர்ச்சி.

கையை எடுத்துக்கொண்டாள்.

தங்கை திரும்பி வந்தாள். "வந்துட்டிருக்கியான்னு கேக்கறார். லேட்டாகும்னு சொல்லிட்டேன்" என்றாள். பிறகு தட்டின் அடியில் புறங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இன்னும் ஆறல அக்கா."

"ஆமாடி, கொதிக்குது" என்றாள் அக்கா. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அன்று முதல்முறையாக உட்கார்ந்தாள்.