வயர் தூக்கும் மரியாதை

எழுமலைக்குப் பக்கத்து ஊரில் இருபது வருஷமாகக் கேபிள் டிவி நடத்தும் தங்கப்பாண்டிக்கு, மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. ஊராட்சி ஊராட்சியாக இழுத்துவரும் அரசாங்க இன்டர்நெட்டை அவன் ஊரில் நடத்தும் உரிமை, சித்தப்பா மகள் நாகஜோதிக்குப் போய்விட்டது. நேற்றுவரை தையல் மிஷின் மிதித்தவளுக்கு.

நியாயமாகப் பார்த்தால் அவன் தோற்றது தன்னால்தான். இடம் பார்க்க வந்த அதிகாரிகள் பூட்டுப்போட்ட தனி அறை கேட்டார்கள். ஆடு கட்டியிருந்த அறையைக் காட்டினான். எர்த் குழி கேட்டார்கள், அடிபம்பைக் காட்டினான். பேட்டரி எங்கே என்று கேட்டபோது, நம்ம ஊரில் கரண்டே போகாது சார் என்று அவன் சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

நாகஜோதி கேட்டதையெல்லாம் செய்தாள். ஒரு பக்கம் வயர் அறுந்தாலும் மறுபக்கமாக நெட் வரவேண்டும் என்று விதி இருந்ததால், கண்மாய்க்கரையைச் சுற்றி இன்னொரு வயரும் இழுத்தாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாள் என்று டீக்கடையில் சிரித்தான் தங்கப்பாண்டி. சிரிப்பு வாயோடு சரி. வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

ஒரு மரியாதை மட்டும் அவனிடம் மிச்சமிருந்தது. பங்குனிப் பொங்கலில் அம்மன் சப்பரம் தெருவில் வரும்போது, குறுக்கே தொங்கும் வயர்களைக் கவைக்கம்பால் தூக்கிவிட்டபடி சாமிக்கு முன்னால் நடப்பவன் அவன்தான். கேபிள்காரன் என்பதால் வந்த வேலை, நாளாவட்டத்தில் மரியாதையாகிவிட்டது. பூசாரி சோணை அவனுக்குத் துண்டு கட்டித்தான் கம்பை எடுத்துக் கொடுப்பார்.

இந்த வருஷம் கம்பை வாங்கும்போதே கணக்குப் போட்டுவிட்டான். சாவடி முக்கில் நாகஜோதியின் வயர் தாழ்ந்து தொங்குகிறது. அவளுக்கு இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. திருப்பூரிலும் கோவையிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் போனில் சாமி பார்க்கும் இந்த நாளில் நெட் நின்றால், உரிமை ரத்தாகி, அடுத்து மனுப் போட்டிருக்கும் தன் கைக்கு வரும். எதிரிக்குச் சகுனம் தடைபட வேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை அவனுக்குத் தெரியாததல்ல. பொறாமை வந்தவனுக்குத் தெரிந்த கதையெல்லாம் மறந்துவிடும்.

சாவடி முக்கு வந்தது. தன் கேபிளைப் பதமாகத் தூக்கினான். பக்கத்திலிருந்த மெல்லிய கறுப்பு வயரைப் பார்க்காதவன் போல நகர்ந்தான். அது சப்பரத்தின் கலசத்தில் மாட்டி, இழுபட்டு, பட்டென்று அறுந்தது. சப்பரம் ஒரு பக்கம் சாய, தூக்கிவந்தவர்கள் தடுமாறினார்கள். மேளம் நின்றது.

நெட் போச்சு என்ற குரலுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. சாவடியிலிருந்து சாமியை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்த போனில், சாமி ஏன் நிக்குது என்று திருப்பூரிலிருந்து ஒரு பெண் கேட்டாள். கண்மாய்க்கரை வயர் வழியாக நெட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கையில் கம்பிருந்தும் அவன் அந்த வயரைத் தூக்காமல் நகர்ந்ததை வெளியூர் வரைக்கும் பார்த்துவிட்டார்கள்.

"சாமிய மறிச்சுட்டியேப்பா" என்றார் சோணை. கம்பை வாங்கிக்கொண்டுபோய், கூட்டத்தில் நின்ற நாகஜோதியிடம் நீட்டினார். பொம்பளை கையிலா என்று ஒரு முனகல் எழுந்தது. தோளில் சப்பரத்தின் பாரத்தோடு நின்றவர்கள் அதை வளரவிடவில்லை.

அவள் அறுந்த வயரைச் சுருட்டி மின்கம்பத்தில் சொருகினாள். தங்கப்பாண்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பான். அடுத்த தெருமுனையில்தான் நின்று திரும்பினாள்.

"அண்ணே, இதுல ஒங்க கேபிள் எது? சொல்லுங்க, அறுந்துறாமத் தூக்கிவிடுறேன்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தங்கப்பாண்டி விரலை நீட்டிக் காட்டினான். அவள் பதமாகத் தூக்கிப் பிடிக்க, அம்மன் அதற்குக் கீழே தடங்கலில்லாமல் போனாள். அந்தக் கேபிள் அறுந்தே போயிருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.