தாண்டிப்போன அதிகாரம்

விடியுமுன் எழுந்து வேதாகமத்தில் ஒரு அதிகாரம் வாசித்து, கண்ணை மூடி அதையே தியானிப்பது தங்கப்பழத்துக்குச் சிறுவயதுப் பழக்கம். சங்கரன்கோவில் கடைத்தெருவில், கணவர் ராஜதுரையின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு.

ஒரே ஒரு அதிகாரத்தை மட்டும் ஏழு வருஷமாக அவள் தாண்டிப் போனாள். கதவைத் தட்டுகிறவர்களைப் பற்றி ஆண்டவர் பேசும் அதிகாரம் அது.

தாண்டியும் பயனில்லை. எதை வாசித்தாலும், கண்ணை மூடியதும் பின்கதவில் மெதுவாக மூன்று தட்டு கேட்டது.

"உங்களுக்குக் கேக்குதா?" என்பாள்.

"எலியா இருக்கும்" என்று ராஜதுரை புரண்டு படுப்பார்.

எலி இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் காலரா வந்தபோது, குருவிகுளத்திலிருந்து தங்கை செல்லக்கனி மாட்டுவண்டியில் வந்து அந்தக் கதவைத்தான் தட்டினாள். "அக்கா, வயித்தால போவுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா." உள்ளே தங்கப்பழம் தன் இரண்டு பிள்ளைகளின் வாயையும் பொத்திக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நின்றாள். வண்டி திரும்பிப் போனது. அன்று சாயங்காலமே செல்லக்கனி செத்துப்போனாள்.

ஐம்பதாம் வருஷம் தை மாதம் ஒரு விடியலில், தாண்ட மனமில்லாமல் அந்த அதிகாரத்தை முழுதும் வாசித்தாள். கண்ணை மூடினாள். தட்டு கேட்டது. கூடவே ஒரு குரல்: "அக்கா, உள்ளதான இருக்கே?"

முதல் பஸ்ஸிலேயே குருவிகுளம் போனாள்.

செல்லக்கனியின் கணவன் ஆசீர்வாதம் முற்றத்தில் பருத்தி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்தான்.

"வாங்க மதினி! ஏழு வருஷமா இந்தப் பக்கமே காணோமே. அவ உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கு நானும் காலராவுல கெடந்தேன், இல்லன்னா நானே கூட்டியாந்திருப்பேன். அக்கா வீட்டுல இல்லன்னு சொல்லிட்டுத்தான் அவ கண்ண மூடுனா."

தங்கப்பழத்துக்கு அப்படியே திரும்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"இருந்தேன் தம்பி" என்றாள். "உள்ளதான் இருந்தேன். புள்ளைகளுக்கும் தொத்திக்கிடும்னு பயந்து தொறக்கல."

ஆசீர்வாதத்தின் கையிலிருந்த பருத்தி கீழே விழுந்தது.

"அவ உங்களக் காட்டிக்குடுக்காமப் போயிட்டா" என்றான். "நீங்க வீட்டுல இல்லன்னு அவ சொன்னத நம்பித்தான் நான் இத்தன வருஷமும் தூங்குனேன். நீங்க உங்க பாரத்த எறக்கி வச்சிட்டீங்க மதினி. இனி நான் எங்கன போயி எறக்குவேன்?"