வெயில் குடிக்காத உப்பு

பிரிக்பீல்ட்ஸில் மழை முகம் காட்டி ஏழு வாரம் ஆகியிருந்தது. அங்கிருந்த ஓர் அடுக்குமாடியின் ஆறாவது மாடியிலிருந்த உப்புநீர் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்பவர் சின்னையா. விடிவதற்குள் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி வந்து, இலை அள்ளி, குறைந்த தண்ணீரை நிரப்பி, இருபத்தைந்து கிலோ உப்பு மூட்டையைத் தோளில் சுமந்து வந்து கொட்டுவார். அந்த உப்பிலிருந்துதான் இயந்திரம் குளோரின் எடுக்கும். உப்பு குறைந்தால் இரண்டே நாளில் குளம் பச்சை பிடித்துவிடும். சின்னையாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. முதுகுக்கு அதைவிடக் கூட இருக்கும்.

முன்பெல்லாம் ஒரு மூட்டை இரண்டு மாதம் வரும். இப்போது வாரம் ஒரு மூட்டை போயிற்று. திங்கட்கிழமை மேனேஜர் ரமணி அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

"வெயிலுக்குத் தண்ணி குறையுது, சரி. உப்பு எங்க அண்ணே போகுது?"

உப்பறைச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டாள். இனிமேல் காவலாளி வந்து திறந்துவிடுவானாம். திருடுவதென்றால் பொன்னையோ பொருளையோ திருடக் கூடாதா? உப்பைத் திருடினான் என்ற பேரையா வாங்க வேண்டும்? அவள் 'அண்ணே' என்று மரியாதையாகச் சொன்னதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.

ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான். வெயில் தண்ணீரை மட்டுமே குடிக்கும். உப்பைக் குளத்திலேயே விட்டுவிடும். உப்பும் சேர்ந்து குறைகிறதென்றால் குளம் எங்கோ ஒழுகுகிறது. அதைத்தான் அவரும் சொன்னார். எங்கே என்று காட்டச் சொன்னாள் ரமணி. மூன்று நாள் குனிந்து நிமிர்ந்து தேடியும் அவருக்கு ஒரு விரிசல்கூட அகப்படவில்லை. அலுத்துப்போய், திருடனென்றே இருந்துவிட்டுப் போகலாம் என்று விட்டுவிட்டார். சம்பளமாவது வருகிறதே.

வியாழக்கிழமை மதியம் லிப்டில் ஹாஜிரா ஏறினாள். ஐந்தாம் மாடிக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. கணவனின் வேலை விசாவில் கீழக்கரையிலிருந்து வந்தவள். குப்பையில் போடுவதற்காகக் காய்ந்த கறிவேப்பிலைச் செடியொன்றைத் தொட்டியோடு தூக்கி வந்திருந்தாள். வெயிலா என்று பேச்சுக்குக் கேட்டார் சின்னையா.

"தண்ணிக்குக் கொறையே வைக்கலண்ணா. மேல் வீட்டு ஏசித் தண்ணி பால்கனியில சொட்டுது. அதுக்கு நேராத்தான் தொட்டியை வச்சிருந்தேன். கொழாத் தண்ணியை வீணாக்க வேணாமேன்னு."

மேலே வீடு ஏது? அவள் தலைக்கு மேலே இருப்பது குளம்தான்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது. சிக்கனம் பார்த்துச் செடிக்குத் தினமும் உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், பாவம்.

தொட்டியை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தவரின் கால் நடைபாதையில் நின்றது. ஒழுகும் குளத்தை வடித்துவிட்டுத்தான் பழுது பார்ப்பார்கள், மாதக்கணக்கில் ஆகும். போன வருடம் எதிர்க் கட்டடத்தில் குளத்தை மூடிய அன்றே ஆளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்படியே திரும்பித் தொட்டியைக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அவருக்குக் களைப்பாக இருந்தது. அழுகை வரும் போலிருந்தது. மூட்டை சுமப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காவலாளி கதவைத் திறந்துவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பதை இன்னொரு வாரம் பொறுக்க அவரால் ஆகாது.

தொட்டியை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னார். ரமணியும் விரலால் தொட்டு ருசி பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. போனில் குடியிருப்புக் கமிட்டித் தலைவரோடு மலாயில் நெடுநேரம் பேசினாள். வைத்துவிட்டு, நாளையே குளத்தை வடித்துவிடச் சொல்கிறார்கள் என்றாள். இந்த மாதச் சம்பளம் முழுதாக வந்துவிடும் என்றாள். அடுத்த மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு இழுப்பறையைத் திறந்து உப்பறைச் சாவியை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"சோரி அண்ணே. இது உங்ககிட்டயே இருக்கட்டும் லா."

சின்னையா வாங்கிக்கொண்டார். நாலு நாளாய் அவர் மனசுக்குள் ஏங்கிய சாவிதான்.

"சரிம்மா," என்றார். "நாளைக்கு மட்டும் வச்சிருக்கேன்."