சரசாவின் முன்பல்

சரசாவை எரித்த மறுநாள் பால் தெளிக்கப் போன இடத்தில், சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த சுடுகாட்டு ஊழியர் செல்வகுமார் குட்டியாக ஒரு திருகாணியைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னா அண்ணாத்தே, இதுல ஸ்க்ரூ ஒண்ணு கீது? அம்மாவுக்கு காலு கீலு ஒடைஞ்சி ராடு வெச்சிருந்தீங்களா?"

எரிக்கிற மெஷினிலிருந்து கழன்று விழுந்திருக்கும், தூக்கிப் போடு என்றார்கள் சொந்தக்காரர்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுவதில் பாரிவாக்கம் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பரந்தாமனுக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்தது. அது அவர் மனைவியின் முன்பல். பல் வெடித்துப் போய்விட்டது. தாடை எலும்புக்குள் அதைத் தாங்கி நின்ற ஆணி மட்டும் நெருப்புக்கு மசியாமல் மிச்சமிருந்தது. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சரசாவுக்கு முன்பல் விழுந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சிரிப்பு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதிலும் பாதியை மூடிக்கொண்டால் மனுஷன் எதைப் பார்ப்பது? பரந்தாமன்தான் விடாப்பிடியாக அவளைப் பூந்தமல்லி பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். இந்த வயதில் எதற்கு மேக்கப் என்று அவர் தங்கை வனஜா கிண்டலடித்தாள். முதலில் ஆணியை வைத்தார்கள். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகுதான் மேலே பல்லை மாட்டினார்கள். அதற்கப்புறம் சரசா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிட்டால்கூடச் சிரித்தாள். தை மாதம் பல் வந்தது. ஆடி பிறப்பதற்குள் நெஞ்சுவலியில் ஆளே போய்விட்டாள்.

அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றிய வனஜா, அவர் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"எலும்ப ஊட்டுக்குள்ள எத்துனு வரக்கூடாதுண்ணா. தீட்டு. கடல்லயே போட்டுட்டு வர வேண்டியதுதானே?"

"இது இரும்புமா."

"தாடைக்குள்ள ஊணி நின்னது எப்டிண்ணா வெறும் இரும்பாவும்?"

எலும்பா இரும்பா என்று பரந்தாமனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் ஆணி கடலுக்கும் போகாமல் வீட்டுக்குள்ளும் வராமல், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் குடியேறியது.

காரியம் முடிந்து வனஜா முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் வீடு அவரைப் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் ஆனால் வாசலில் ஸ்டாண்டு போட்டிருக்கும் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொள்வார். கத்தரிக்காய் விலையிலிருந்து மோட்டார் ரிப்பேர் வரை எல்லாவற்றையும் சரசாவிடம் சொல்லுவார். எதிர் அபார்ட்மென்ட்டின் ஐ.டி. பிள்ளைகள், பெரியவர் போனில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு கடந்து போனார்கள். யாரும் நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒருநாள் பல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "சரசா மேடத்துக்கு செக்கப் இருக்கு சார். நாளைக்கு வர்றீங்களா?"

செத்துப்போனவளுக்கு என்ன செக்கப்? ஆனால் அவளை உயிரோடு வைத்து விசாரித்த ஒரே குரல் அது. அதனிடம் போய் உண்மையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "வர்றோம்மா" என்றார். பிறகு வனஜாவைப் போனில் கூப்பிட்டு, எலும்பா இரும்பா என்று டாக்டரையே கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

மறுநாள் சரசாவின் பேரைக் கூப்பிட்டதும் அவர் மட்டும் எழுந்து போனார். டாக்டர் நிவேதிதாவிடம் நடந்ததைச் சொல்லி, ஆணியை மேஜைமேல் வைத்தார்.

"இது எலும்பா, இரும்பா, நீயே சொல்லும்மா. இரும்புன்னா ஊட்டுக்குள்ள எத்துனு போயிடுவேன்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "டைட்டானியம் சார். வெறும் உலோகம்தான். தாராளமா வீட்ல வெச்சுக்கோங்க."

இதைக் கேட்கத்தான் வந்திருந்தார். கேட்டதும் ஆணியை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"வெறும் உலோகமா? அப்ப இத்தினி நாளா நான் யாராண்ட பேசிக்கினு இருந்தேன்?"

டாக்டர் ஆணியை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க பாருங்க சார். மரை இடுக்குல வெள்ளையா ஒட்டியிருக்கே, அது அவங்க எலும்பு. நல்லாப் பிடிச்சிருக்கு. நெருப்புலகூட விடல."

பரந்தாமன் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது வனஜாவின் போன். "இன்னாண்ணா சொன்னாங்க?"

"வெறும் இரும்புதானாம். டாக்டரே சொல்லிடிச்சி."

பொய் சொன்னதில் அவருக்குத் துளியும் உறுத்தல் இல்லை. தீட்டு ஒட்டினால் ஒட்டட்டும், யாருமே இல்லாத வீட்டில் தீட்டு யாரை என்ன செய்துவிடும்? அன்றைக்கு அவர் ஸ்கூட்டரில் உட்காரவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சரசாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.