ஆக்சிஜன் பைமேல் ஒரு ஆள்

மின்விளக்கு வராத காலத்தில், இங்கிலாந்தின் ஹல் நகரத்து நாடகக் கொட்டகையில் சுண்ணாம்பு விளக்குக்காரன் ஈனாக். மேடைக்கு மேலே பக்கவாட்டுப் பரணில் அவனுக்கு வேலை. ரப்பர் பைகள் இரண்டு, ஒன்றில் ஆக்சிஜன், மற்றதில் ஹைட்ரஜன். பலகைகளுக்கு நடுவே பையை வைத்து மேலே இரும்பு எடைக்கற்களை ஏற்றினால் வாயு குழாய் வழியே விளக்குக்கு ஓடும். இரண்டும் கலந்து எரியும் தீ சுண்ணாம்புக் கட்டியில் பட்டதும் அது வெள்ளைவெளேரென்று ஒளிவிடும். கட்டியை அடிக்கடி திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்; மறந்தால் குழி விழுந்து, தீ எதிர்த்தடித்துக் கண்ணாடி தெறிக்கும். அதைவிடப் பெரிய விதி ஒன்று உண்டு. விளக்கு எரியும்போது ஒரு பையின் பாரத்தை மட்டும் இறக்கவே கூடாது. இறக்கினால் மற்ற வாயு அதற்குள் புகுந்துவிடும். அப்புறம் அது பையா, வெடிகுண்டு!

கிறிஸ்துமஸ் வாரத்து மதிய ஆட்டம். தேவதையாகப் பறக்கிறவளுக்குக் காய்ச்சல் என்று ஈனாக்கின் மகள் கெசையாவைக் கம்பியில் மாட்டிவிட்டார்கள். வேண்டாம், பழக்கமில்லாத பெண் என்று காலையிலிருந்து தலைபாடாக அடித்துக்கொண்டான். யார் கேட்டார்கள்?

மேடையின் கேஸ் விளக்குகளைத் தணித்தாயிற்று. முப்பதடி உயரத்தில் கெசையா. அவள் கால் வைக்க வேண்டிய திட்டு ஒரு சாண் அகலம். அதைக் காட்ட அப்பனின் வெளிச்சம் ஒன்றுதான்.

பாதி வழிகூட வந்திருக்க மாட்டாள், வெளிச்சம் சுருங்கிக் குழாய் சீறியது. ஈனாக் திரும்பிப் பார்த்தான். ஆக்சிஜன் பைமேல் நான்கு கற்களில் இரண்டைக் காணோம்.

பரணின் மறுகோடியில் தச்சன் ஜெத்ரோ இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கல்லு எங்கடா?"

"உன் பொண்ணு கயித்துல. பழையவளவிட இவ கனமில்ல? தூக்குறப்போ எதிர்ப்பாரம் பத்தல. பக்கத்துல இருந்துச்சு, எடுத்துக் கட்டிட்டேன்."

ஈனாக் கயிற்றைப் பார்த்தான், பையைப் பார்த்தான். கல்லைத் திரும்ப எடுத்தால் மகள் விழுவாள். குழாயை அடைத்தால் இருட்டில் மகள் விழுவாள். அடைக்காவிட்டால் மகளோடு கீழே இருக்கும் எண்ணூறு பேரும் போவார்கள். பாவி, எதைச் செய்வான்?

பாய்ந்துபோய் ஆக்சிஜன் பைப் பலகைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். சீறல் அடங்கியது, வெளிச்சம் நிமிர்ந்தது. ஆனால் அதற்குள் எவ்வளவு ஹைட்ரஜன் உள்ளே போயிருக்கும்? அடியில் பை மூச்சுவிடுவது தொடையில் தெரிந்தது. இதோ, இப்போதே வெடிக்கும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தான்.

கட்டியைத் திருப்ப வேண்டுமே! மரப்பிடி எட்டவில்லை. எட்டியது, கட்டி நிற்கும் இரும்பு முள்தான், பழுக்கக் காய்ந்திருந்தது. எழுந்தால் பாரம் போகும். ஈனாக் வலது கையை நீட்டி அதைப் பிடித்தான். திருப்பினான். கடவுளே, சீக்கிரம் போடி மகளே. மறுபடி திருப்பினான். மூன்றாவது தரம் திருப்பும்போது தன் தோல் கருகும் வாடை அவனுக்கே வந்தது.

கெசையாவின் கால் திட்டில் பட்டது. கீழே கைதட்டல் கொட்டகையைப் பிளந்தது. கேஸ் விளக்குகள் ஏறியதும் இடது கையால் குழாய்களை அடைத்தான்.

கயிற்றைக் கட்டிவிட்டு ஜெத்ரோ இரண்டு கற்களையும் சுமந்துகொண்டு வந்தான்.

"சொகுசா உக்காந்துட்டியே? சாயந்திர ஆட்டத்துக்கும் இத எடுத்துக்கவா?"

ஈனாக் அவனை அறைய வலது கையை ஓங்கினான். அந்தக் கையைப் பார்த்த ஜெத்ரோவின் பிடியிலிருந்து கற்கள் நழுவின. ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்க, ஈனாக் பைமேல் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.