இன்னும் வராத நோய்

அமீருதீனுக்கு உடம்பில் ஒரு நோவும் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் தன் அரிசி மண்டியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வயிறு முன்னால் வந்திருந்தது. யாவாரிக்கு அது லட்சணம் என்று சிரிப்பான். அவன் அண்ணன் சிகாபுதீனும் இதையே சொல்லிச் சிரித்தவர்தான். போன ரமலானுக்கு முன்னால் மண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. நாற்பத்து நாலு வயசு. அதிலிருந்து லதீஃபாவுக்குப் புருஷனின் வயிற்றைப் பார்த்தாலே அண்ணன் சாய்ந்ததுதான் நினைவுக்கு வரும்.

நச்சரித்து நச்சரித்து அவனைச் சுள்ளிக்கல்லில் இருந்த மலையாள டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

"ரோகம் வந்நிட்டில்ல, நோய் இன்னும் வரல்ல," என்றார் டாக்டரம்மா, தனக்குத் தெரிந்த தமிழில். "ஆனா சர்க்கரை எல்லைகிட்ட நிக்குது. பிரஷர் கூடுதல், கொழுப்பு கூடுதல், வயிறும் பெரிசு. எல்லாம் சேர்ந்தா ரத்தக்குழாய் சத்தமில்லாம கெட்டுப்போகும். நெஞ்சு வலிக்கிற வரைக்கும் காத்திருக்கணுமா? இப்பவே நடங்க. சோறும் இனிப்பும் கொறைங்க."

"இவங்க அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனார். அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ?" லதீஃபா கேட்டாள்.

"இருந்திருக்கலாம். யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

மறுநாள் விடியலில் அவனை எழுப்பிப் படகுத்துறை வரை நடத்தினாள். நாலு எட்டு முன்னால் போனான்.

"பஜார்ல ஆளுங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"புருஷன் பொண்டாட்டின்னு நெனப்பாங்க. நடங்க."

ஆனால் மண்டிக்குப் போனதும் அவன் பழைய ஆள்தான். சாயாவும், வாழைப்பழத்தை எண்ணெயில் பொரித்த பழம்பொரியும் பக்கத்துக் கடையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். சட்டையைத் துவைக்கிறவளுக்குத் தெரியாதா எண்ணெய்க் கறை? கேட்டால், "நோவே இல்லாதவனுக்குப் பத்தியமா?" என்பான். அவள் அழுதும் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் மனைவி ஜலீலா சாப்பிட வந்திருந்தாள். அமீருதீன் மூன்றாம் தடவை நெய்ச்சோற்றுக்குக் கை நீட்டினான். ஜலீலா சட்டென்று சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தம்பி, அவருக்கும் நான் இப்படித்தான் போட்டுக்கிட்டே இருந்தேன். ஆசையா சாப்பிடுறாரேன்னு."

அமீருதீன் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டான். "வேணாம் மைனி. போதும்," என்றான்.

அன்றைக்குத்தான் அவன் உண்மையில் தொடங்கினான். சாயாவில் சர்க்கரை நின்றது. சோறு பாதியானது, மீதித் தட்டில் முருங்கைக்கீரையும் மத்திக் குழம்பும் வந்தன. நடையில் அவளோடு பேசிக்கொண்டே வந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு பேசுகிறவன் என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த மழைக்காலம் முடிந்து டாக்டரம்மாவிடம் காட்டப் போனபோது சர்க்கரையும் பிரஷரும் இறங்கியிருந்தன. "இனி விட்டுடாதீங்க. விட்டா திரும்பி வரும்," என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் லதீஃபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அமீருதீன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்க போறீங்க?"

"மைனி வீட்டுக்கு. படியேறினா மூச்சு வாங்குதுன்னு போன வாரம் சொன்னாங்களே, நீ கவனிக்கலையா? வா, அவங்களையும் டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கிட்டு வருவோம்."

பஜார் நடுவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.